படைவீடு: சிறார்க்கு ஓர் ஆற்றுப்படை

விடுமுறைக் காலம் வந்ததும் நம் குடும்பங்களில் எழுகின்ற வினா, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது. இக்காலத்தில் அதற்கு ஆயத்தமான விடை ஒன்று இருக்கின்றது. தீம் பார்க் என்று மக்கள் வழங்கும் கேளிக்கைப் பூங்காவே அவ்விடை. சீட்டு வாங்கி உள்ளே புகுந்தால், அரக்கன் வாய் போன்ற குகைகளும், தலைகீழாய்ச் சுழலும் இராட்டினங்களும், சுதையினால் இயன்ற கோட்டைகளும் காணலாம். பிள்ளைகள் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை இகழ்தல் என் கருத்தன்று. நீர்ச்சறுக்கில் இறங்கிக் கூவினோருள் யானும் உண்டு. ஆயினும் அப்பூங்காக்கள் தம்மைக் கதையுலகம் என்று கூறிக்கொள்ளுங்கால் தமிழ் பயிலும் மாணவர்க்கு ஓர் ஐயம் தோன்றுதல் இயல்பு. கதை எங்கே இருக்கின்றது? கட்டடத்தின்கண்ணா? சொல்லுவோர் நாவின்கண்ணா? கேட்போர் உள்ளத்தின்கண்ணா?

1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பெற்றது. அதன் நடுவே நிற்பது உறங்கும் அழகியின் கோட்டை. அதற்கு முன்மாதிரியாக விளங்கியது ஜெர்மனியின் பவேரியா நாட்டிலுள்ள நாய்ஷ்வான்ஸ்டைன் மாளிகை. அதுவும் பழங்கோட்டை அன்று. இரண்டாம் லுட்விக் என்னும் அரசன், வாக்னருடைய இசை நாடகங்களில் வரும் பண்டைக் கதைகளில் உள்ளம் தோய்ந்து, 1869-இல் கட்டத் தொடங்கியது அது. அவன் 1886-இல் இறந்த சில வாரங்களுக்குள் கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களை உள்ளே விடலாயினர். கதையைப் பார்த்து மாளிகை. மாளிகையைப் பார்த்துப் பூங்கா. அப்பூங்காவைப் பார்த்து உலகெங்கும் பூங்காக்கள். நம் நாட்டிலும் 1995-இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா என்னும் பெயரால் ஒரு கேளிக்கைப் பூங்கா தொடங்கப்பெற்றது. வாலியும் சுக்கிரீவனும் ஆண்ட கிஷ்கிந்தை என்று மக்கள் காட்டுவது துங்கபத்திரைக் கரையிலுள்ள ஆனெகுந்தியை. அங்கிருந்து பெயர் மட்டும் புறப்பட்டுத் தாம்பரம் வந்து சேர்ந்தது போலும்!

ஜெர்மனியரே மற்றொரு வழியும் கண்டனர். கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த கதைகளோடு தொடர்புடைய ஊர்களை இணைத்து, அவர்கள் பிறந்த ஹானாவ் முதல் பிரேமன் நகர் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் ‘கதை வழி’ ஒன்றினை 1975-இல் வகுத்தனர். அவ்வழியில் ஹாமெலின் என்னும் ஊர் உண்டு. குழலூதி ஒருவன் பின்னே 1284-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர் 130 பேர் சென்று மறைந்தனர் என்பது கதை. அவர்கள் கடந்து சென்றதாகக் கூறப்படும் தெருவில் இன்றும் இசைக்கருவி வாசிப்பதில்லை. திருமண ஊர்வலமாயினும் அத்தெருவிற்கு வந்ததும் வாத்தியம் ஓயும். அங்கே சுற்றுலாச் செல்லும் குழந்தை காண்பது ஒரு குறுகிய தெருவே. ஆனால் அந்த அமைதியைக் கேட்டுவிட்டுத் திரும்புகின்றது.

அத்தகைய வழியைத் தமிழர் அறியாதவர் அல்லர். ஆற்றுப்படை என்னும் நூல்வகையே வழி கூறுவதற்கென்று எழுந்தது. பரிசில் பெற்று மீள்வோன் எதிர்வரும் வறியோனைக் கண்டு, இன்ன வழியிற் செல்க, இன்ன இடத்தில் தங்குக, இன்னாரைக் காண்க என்று ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. கூத்தராற்றுப்படை என்பது அதற்கு மறுபெயர். செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துகின்றார் பெருங்கௌசிகனார். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அக்கூத்தர் தனியே செல்பவர் அல்லர். சுற்றமும் விறலியரும் உடன்வரச் செல்பவர். ஆதலின் புலவர், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பவற்றையெல்லாம் எச்சரித்து உரைக்கின்றார். கவர்த்த வழிகளில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும். அவற்றின்முன் யாழிசைத்து அப்பாற் செல்லுங்கள் என்றும் கூறுகின்றார். குடும்பத்தோடு செல்வார்க்கு இதனினும் நல்ல வழிகாட்டி நூல் யான் கண்டதில்லை. 1889-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டைப் பதிப்பித்து அளித்திராவிடின் அது நமக்குக் கிட்டியிராது.

அந்நன்னன் நாடு பல்குன்றக் கோட்டம். அதனோடு தொடர்ந்த சவ்வாது மலையின் கீழ்ச்சாரலில், ஆரணிக்கு மேற்கே இருப்பது படைவீடு. மக்கள் நாவில் அது படவேடு என மருவியது. படைவீடு என்பது படை தங்கும் பாசறை. முருகன் கோயில்களைப் படைவீடு என்னும் வழக்கும் அச்சொல்லைத் தழுவியதே. வேலூரினின்று போளூர் செல்லும் பெருவழியில் சந்தவாசல் என்னும் ஊரில் மேற்கே திரும்பினால், வாழைத்தோட்டங்களும் தென்னந்தோப்புக்களும் இருபுறமும் வர, எதிரே மலைகள் பிறைபோல் வளைந்து நிற்கக் காணலாம். இன்று அது சிற்றூர். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்க்குத் தலைநகர். சோழர்க்கு அடங்கிய சிற்றரசராயிருந்து பின் தனியரசு செலுத்தியவர் அவர். 1989-இல் வடவார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது தென்பகுதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயரிட்டனர். 1997-இல் மாவட்டப் பெயர்களினின்று தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பெற்றபோது அவர் பெயரும் நீங்கிற்று. மலையில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. ஊரின் மேலே உயர்ந்து நிற்கும் குன்று இராசகம்பீரன் மலை.

அம்மலையைக் காட்டிப் பிள்ளைகட்குச் சொல்லத்தக்க கதை ஒன்றுண்டு. விசயநகரத்துப் புக்கராயன் மகன் குமார கம்பணன், 1360-ஆம் ஆண்டை அடுத்துத் தெற்கே படை கொண்டு வந்து சம்புவராயனைத் தாக்கினான். இராசகம்பீரன் கோட்டையில் அடைக்கலம் புகுந்த மன்னனை முற்றுகையிட்டு, மதிலேறி, நேர்நின்று பொருது கொன்றான் என்கின்றது ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காவியம். அதனைப் பாடியவள் யார் எனின், அக்கம்பணன் மனைவி கங்காதேவி. கணவன் வாள் செய்ததை மனைவியின் எழுத்தாணி எழுதிற்று. அதன் சுவடி நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1916-இல் திருவனந்தபுரத்தில் வெளிப்பட்டது. ஆனால் கம்பணனுடைய படைத்தலைவருள் ஒருவனாகிய சாளுவ மங்கு என்பான், ‘சம்புவராய ஸ்தாபனாசாரியன்’ என்று ஒரு விருதுப்பெயர் தாங்கினான். சம்புவராயனை மீண்டும் அரியணையில் நிறுவியவன் என்பது அதன் பொருள். காவியத்தில் இறந்தவன் விருதில் அரசாளுகின்றான்! எது மெய் என்று பத்து வயதுச் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். அவன் மலையை நிமிர்ந்து நோக்கித் தன் தீர்ப்பைக் கூறுவான். உடன்வந்த தங்கை அதனை மறுப்பாள். வரலாற்று வகுப்பில் சான்று ஆராய்தல் என்று யாம் பெரும்பாடுபட்டுக் கற்பதை அவர்கள் மர நிழலில் நின்று செய்துவிடுவர்.

படைவீடு புதையுண்ட நகர் என்பதும் ஊரார் வாய்மொழி. மண்ணும் கல்லும் மழையாகப் பொழிந்து மாளிகைகளையும் கோயில்களையும் மூடிவிட்டன என்று அவர்கள் கூறியதை ஆங்கில ஆட்சிக்காலத்து அலுவலர்கள் தம் நூல்களில் எழுதிவைத்துள்ளனர். ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதியில் இவ்வூர்க் கல்வெட்டுக்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, அம்மையப்பேசுவரர் கோயில் முன்னே மண்ணுட் புதைந்திருந்த பாறையில், இராசகம்பீரச் சம்புவராயன் காலத்தில், சக ஆண்டு 1180-இல், அஃதாவது கி. பி. 1258-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. மலையினின்று இறங்கும் ஆறு வெள்ளந்தோறும் கொணர்ந்த மணலே அக்கல் மழை என்று கொள்வது பொருந்தும். அதனைப் பிள்ளைகட்கு முதலிலேயே கூறிவிடாதீர்கள். காலின்கீழ் ஒரு நகரம் இருக்கின்றது என்னும் எண்ணத்தோடு அரைமணி நேரம் அவர்கள் நடக்கட்டும்.

இவ்வூர்க் கோயில்களுள் கதைப்புத்தகம் என்னும் சொல்லுக்கே உரியது யோகராமர் கோயில். எங்கும் வில்லேந்தி நிற்கும் இராமன் இங்கே வில்லின்றி அமர்ந்திருக்கின்றான். கை சின்முத்திரை காட்டுகின்றது. எதிரே அநுமன் அமர்ந்து ஓலைச்சுவடி ஏந்திப் படிக்கின்றான். கடல் தாவியவன், இலங்கைக்குத் தீ மூட்டியவன், இங்கே நல்ல மாணாக்கனாய் ஐயம் கேட்டுக்கொண்டிருக்கின்றான். கேளிக்கைப் பூங்காவில் அநுமனை வைப்போர் வாலில் நெருப்பு வைத்தே காட்டுவர். ஏடு கொடுத்து உட்காரவைக்கும் துணிவு அவர்க்கு வாராது. யான் கிறிஸ்தவ மரபில் வளர்ந்தவன். வழிபடுவோர்க்குரிய உணர்ச்சியை எனதென்று கூறுதல் பொருந்தாது. எனினும் ஆனர்ஸ் வகுப்பில் உரையாசிரியரோடு போராடும் மாணவர் எவர்க்கும் அந்த அநுமனிடத்தே ஓர் உறவு தோன்றாமற் போகாது.

இனி, ஊரின் முதற்பெருங்கதைக்கு வருவோம். இதன்பொருட்டே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன். இதனாலேயே தயங்கவும் செய்தேன்.

படைவீட்டில் பெருங்கூட்டம் நாடிச் செல்வது இரேணுகாம்பாள் கோயிலை. ஆடி வெள்ளிக்கிழமைகளில் வடவார்க்காட்டு ஊர்களெல்லாம் அங்கே திரளும். ஊரையடுத்து ஓடுவது கமண்டல நதி. சமதக்கினி முனிவருடைய கமண்டலத்தினின்று பெருகியது என்று பெயர்க்காரணம் கூறுவர். இரேணுகை அம்முனிவர் மனைவி. நாடோறும் ஆற்றங்கரைக்குச் சென்று, ஈர மணலையே குடமாக வனைந்து, சுடாத அக்குடத்தில் நீர் முகந்து வருவாள். கற்பின் திறத்தால் அக்குடம் உடையாது. ஒருநாள் வானத்தே சென்ற கந்தருவன் ஒருவன் நிழல் நீரில் விழ, அதனைக் கண்டு ஒரு கணம் வியந்தாள். குடம் கரைந்தது. முனிவர் வெகுண்டு, தாயைக் கொல்லுமாறு மைந்தரை ஏவினார். மூத்தோர் நால்வர் மறுத்துச் சாபம் பெற்றனர். இளையோனாகிய பரசுராமன் மழுவெடுத்துத் தாயின் தலையைத் துணித்தான். தந்தை மகிழ்ந்து வரம் கேள் என, தாய் உயிர்பெற வேண்டும் என்று கேட்டான்.

தமிழ்நாட்டுப் பாமரர் வழக்கில் கதை இன்னும் நீளும். இரேணுகை ஓடிச்சென்று தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியைத் தழுவிக்கொண்டாள். அடைக்கலம் கொடுத்த அவளும் வெட்டுண்டாள். உயிர் பெறும்போது தலையும் உடலும் மாறிப் பொருந்தின. படைவீட்டுக் கருவறையில் அம்மன் தலை வடிவினளாகவே விளங்குகின்றாள். குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல்நாள் அம்மன் சிரசை ஊர்வலமாக எடுத்துச் சென்று, அவ்வேழைப் பெண்ணின் உடலின்மேற் பொருத்துகின்றனர்.

இதனையா குழந்தைகட்குக் கூறுவது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். கிரிம் உடன்பிறந்தார்க்கும் இத்தொல்லை நேர்ந்தது. பனிவெள்ளை என்னும் சிறுமியைக் கொல்ல நினைத்தவள், 1812-இல் வந்த முதற்பதிப்பில் பெற்ற தாயே. தாய் அவ்வாறு செய்வது பொறுக்கலாகாது என்று கருதி 1819-இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கினர். அதன்பின் வந்தோர் மேலும் மேலும் இனிப்புச் சேர்த்தனர். இன்று பூங்காக்களில் அக்கதைமாந்தர் வழியில் வருவோர்க்கெல்லாம் கை குலுக்குகின்றனர். நமது படைவீட்டில் யாரும் மாற்றாந்தாய் ஆகவில்லை. பெற்ற தாய், பெற்ற மகன், கட்டளையிட்ட தந்தை ஆகிய மூவரும் உள்ளவாறே நிற்கின்றனர்.

இக்கதையைக் கேட்ட எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “அம்மா எழுந்த பிறகு அந்த அண்ணனிடம் பேசினாளா?” என்று வினவினாள். பெரியோர் எவரும் கேளாத வினா அது. வியாசர் பாரதம் அதற்கு விடை வைத்திருக்கின்றது. பரசுராமன் கேட்ட வரங்களுள் ஒன்று, தான் கொலையுண்டதைத் தாய் நினைவு கூரலாகாது என்பது. ஆகவே அவள் பேசியிருப்பாள், சோறிட்டிருப்பாள், குளிக்கப் போ என்று ஏவியிருப்பாள். ஆயினும் மகன் மறந்தானா? அதனைப் பாரதம் கூறவில்லை. அச்சிறுமியும் அதற்குமேற் கேட்கவில்லை, நெடுநேரம் வாளாவிருந்தாள்.

ஞாயிறு பாடசாலையில் யாம் ஆபிரகாமின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். மோரியா மலைமேல் ஈசாக்கைக் கிடத்தித் தந்தை கத்தி எடுத்தபோது வானத்தினின்று குரல் தடுத்தது. புதரில் ஆட்டுக்கடா இருந்தது. அக்கடாவைக் கேட்ட பிறகே எமக்கு மூச்சு வந்தது. படைவீட்டுக் கதையில் தடுக்கும் குரல் இல்லை. இவ்வேறுபாட்டை யான் எளிதாகக் கடந்து செல்ல இயலவில்லை. கீழ்ப்படிதல் எதுவரை என்னும் வினா இரண்டிலும் ஒன்றாகவே நிற்கின்றது. மறுத்த நால்வரும் கீழ்ப்படிந்த ஒருவனும் ஆகிய இவர்களுள் எவன் நல்ல மகன்? அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுண்ட பெண் செய்த குற்றம் யாது? சாதி வேறுபாடு பார்க்கும் வீட்டில் வளரும் குழந்தை, தலை ஒருத்தியது, உடல் மற்றொருத்தியது, இருவரும் சேர்ந்தே அம்மன் என்று கேட்டால் வீட்டிலே என்ன கேள்வியைக் கொண்டுவரும்? இவ்வினாக்களை எழுப்புதற்கு அஞ்சுவோர் கதையையே விட்டுவிடுகின்றனர். அல்லது கோயிலுக்குச் சென்று தேங்காய் உடைத்து, கதை கூறாமலே அடுத்த பேருந்தில் திரும்புகின்றனர்.

கமண்டல நதியில் ஆண்டின் பல மாதங்களில் நீரினும் மணலே மிகுதி. அதுவும் ஒருவகையில் வசதியாயிற்று. நீர் ஓரத்தே கசிந்து நிற்கும் இடத்தில் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். யாரும் சொல்லவேண்டியதில்லை, ஈர மணலைத் திரட்டிக் குடம் செய்ய முயல்வார்கள். அடி நிற்கும், வயிறு நிற்கும், கழுத்துக்கு வரும்போது சரியும். மறுபடி திரட்டுவார்கள். நீர் ஊற்றியவுடன் கரையும். இரேணுகை நாடோறும் செய்தது எத்துணை அரிய செயல், அதை எதிர்பார்த்த உலகம் எத்துணைக் கொடிது என்பது அப்பொழுது சொல்லின்றியே ஓரளவு விளங்கும். ஒரு சீட்டும் வேண்டாத இவ்விளையாட்டுக்கு நிகரான பொறி எந்தப் பூங்காவிலும் இல்லை என்பது என் துணிபு. இவ்வாறே ஆரணியை அடுத்தும் ஓடிப் பின் செய்யாற்றோடு கலக்கின்றது. ஆரணிப் பட்டு நெய்வோர் வீட்டில் தறியை ஒருநாள் நிறுத்தினால் ஒருநாட் கூலி போய்விடும். சென்னை சென்று பூங்காக் காண்பது அவர்க்கு எளிதன்று. ஆனால் கதையின் ஆறு அவர்கள் ஊரின் ஓரத்தே வந்து நிற்கின்றது. அதனை அவர்கள் பிள்ளைகட்கு யாரேனும் கூறினரோ?

மேனாட்டுக் கதைப்படங்களில் உள்ளது போன்ற மாளிகையே வேண்டும் என்பார்க்கு, ஆரணி ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை ஒன்று பூசிமலைக்குப்பத்தில் சிதைந்து நிற்கின்றது. எட்ட நின்று பார்க்கலாம். இடிந்த சுவர்களுக்குள் பிள்ளைகளை விடுதல் தகாது. கதையும் அங்கே குறைவு.

சவ்வாது மலையின் தென்புறம் செங்கம் வட்டாரத்துக்குச் சென்றால் மலைபடுகடாம் கூறிய நடுகற்கள் இன்றும் உள. அவ்வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஆராய்ந்து 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ஆம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது. மாடு கவர வந்தாரோடு பொருது வீரன் ஒருவன் இறந்தான். கோவிவன் என்னும் பெயருடைய அவன் நாய், கள்வர் இருவரைக் கடித்து, தலைவன் அருகே காவலாக நின்றது. கல்லில் வீரன் வடிவத்தின் பின்னே நாயின் வடிவமும், நாயின் பெயரும் உண்டு. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்னும் ஊரில் கெலர்ட் என்ற நாயின் சமாதி இருக்கின்றது. உலகெங்கிலுமிருந்து குடும்பங்கள் சென்று கண்ணீர் சொரிகின்றன. அதனை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதிக்காரர் ஒருவர், தம் விடுதிக்கு ஆள் வரவேண்டி அமைத்தார் என்பர். நம் கோவிவனுக்கு விடுதிக்காரர் ஒருவரும் அகப்படவில்லை.

கல்லும் ஆறும் தாமே பேசா, சொல்லுவோர் வேண்டும். முன்னர்ப் பாட்டிமார் சொல்லினர். பம்பையும் உடுக்கையும் முழக்கி இரேணுகை கதை பாடுவோர் இருந்தனர். இன்றும் சிலர் உளர்; அவர்கள் பிள்ளைகள் வேறு தொழில் நாடுகின்றனர். ஆதலின் செல்வதற்கு முதல்நாள் இரவே தாயோ தந்தையோ கதையைக் கூறிவிடல் நன்று. ஊரில் இறங்கியதும், கோயில் வாயிலில் பூக் கட்டும் அம்மையாரிடமோ ஆடு மேய்க்கும் பெரியவரிடமோ அதனையே மீண்டும் கேளுங்கள். அவர் கூறும் கதை நீங்கள் கூறியதனின் வேறுபட்டிருக்கும். அப்போது பிள்ளைகள் உங்களைத் திருத்துவர், அத்திருத்தத்திற்கு இடங்கொடுங்கள். ஆடி வெள்ளியில் நெரிசல் மிகுதி. சிறு குழந்தைகளோடு செல்வோர்க்குத் தைத் திங்களின் காலைப்பொழுது ஏற்றது. நண்பகலிற் கோயில் நடை சாத்துவர். அந்நேரத்தை ஆற்றங்கரைக்கு வைத்துக்கொள்ளலாம். இராசகம்பீரன் மலைமேல் ஏறுதல் சிறுவர்க்கு ஆகாது. கீழே நின்று காட்டினாற் போதும்.

கோடை விடுமுறையிற் செல்வோர்க்கு மற்றொன்று கிடைக்கும். ஆரணி, போளூர், செய்யாறு வட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்தோறும் அக்காலத்திற் பாரத விழா நிகழும். பகலிற் பாரதச் சொற்பொழிவு, இரவிற் கூத்து. அருச்சுனன் தபசன்று உயர்ந்த மரத்தின்மேற் கூத்தர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியினின்று எலுமிச்சம்பழங்களை வீசுவார். அவற்றைப் பிடிக்கத் தாய்மார் முந்தானை ஏந்தி நிற்பர். இறுதிநாளில் துரியோதனனை மண்ணாற் பெரிதாய்க் கிடத்தி வைப்பர். அவன் மார்பின்மேல் ஒரு குடும்பம் அமர்ந்து உண்ணலாம், அத்துணைப் பெரியவன். வண்ணம் பூசி, மீசை எழுதி, விழித்த கண்ணோடு கிடப்பான். பீமன் வந்து தொடையிற் கதையால் அடித்த பின்னர் அன்றே அவன் மண்ணாகிவிடுவான். அடுத்த ஆண்டு புதிதாய்ச் செய்தல் வேண்டும். கூத்து இரவு பத்து மணிக்கு மேலேயே தொடங்கும். பிள்ளைகள் பாயிலே உறங்கிவிடுவர். படுகளம் காலையில் நடைபெறுமாதலின், விடியுமுன் அவர்களை எழுப்பி, முகங்கழுவி, முன்வரிசைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தல் வேண்டும்.